எக்கோ திரையில் ஒரு நண்டு: நுரையீரல் சிரைகள் இடம் மாறிச் சேர்வதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐந்தாம் மாத ஸ்கேனில் "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். நிறைமாதத்தில், நல்ல எடையோடு குழந்தை பிறந்திருக்கும். இரண்டாம் நாளோ, மூன்றாம் வாரமோ மூச்சு வேகமாக வாங்க ஆரம்பிக்கும். நெஞ்சுச் சளி என்று மருந்து கொடுப்பார்கள், குறையாது. அப்புறம் ஒரு நாள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு, "நுரையீரலில் இருந்து வரும் ரத்தக்குழாய்கள் இதயத்தில் தப்பான இடத்தில் சேர்ந்திருக்கின்றன, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்பார்கள்.

இதயத்தில் ஓட்டை என்றால் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். குழாய் மாறிச் சேர்வது என்றால் என்ன? முதல் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? இப்போது மட்டும் எப்படித் தெரிந்தது?

இந்தக் கோளாறின் முழுப் பெயர் நீளமானது. டாக்டர்கள் சுருக்கமாக டி.ஏ.பி.வி.சி என்பார்கள். நுரையீரல் சிரைகள் அத்தனையும் இடம் மாறி இணைந்திருக்கின்றன என்று பொருள். பிறவி இதயக் கோளாறுகள் நூறில் ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான் இது வரும். அரிதான இதற்குத் தனிக் கட்டுரை தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. நேரத்தோடு கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்து, மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள். கண்டுபிடிக்க வேண்டிய கருவி எக்கோ. ஆனால் எக்கோ எடுத்த பிறகும் இது தவறிப்போகலாம்.

## ரத்தம் போகிற வழி

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடம்பைச் சுற்றி ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டு குழாய்கள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. வலது கீழறை அதை நுரையீரல் தமனிக்குள் தள்ளுகிறது. நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறைக்குத் திரும்புகிறது. வலது நுரையீரலில் இருந்து இரண்டு, இடது நுரையீரலில் இருந்து இரண்டு. பிறகு இடது கீழறை, பெருந்தமனி, மறுபடி உடம்பு.

தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இதயத்தை நோக்கி வரும் குழாய் சிரை, இதயத்தை விட்டுப் போகும் குழாய் தமனி, அவ்வளவுதான். நுரையீரல் சிரையில் ஓடுவது உடம்பிலேயே அதிக ஆக்ஸிஜன் உள்ள ரத்தம்.

## நான்கும் வழி மாறினால்

டி.ஏ.பி.வி.சி குழந்தைக்கு இந்த நான்கு சிரைகளில் ஒன்றுகூட இடது மேலறைக்குப் போவதில்லை. பெரும்பாலும் இதயத்தின் பின்புறம் ஒன்றாகக் கூடி, அங்கிருந்து வேறொரு சிரைக்குள் புகுந்து, கடைசியில் வலது மேலறைக்கே வந்து சேர்கின்றன. அதாவது, உடம்பில் இருந்து வரும் ரத்தமும் நுரையீரலில் இருந்து வரும் ரத்தமும் ஒரே அறையில் கலந்துவிடுகின்றன.

இடது பக்கத்துக்கு ரத்தம் வர ஒரே வழி, இரண்டு மேலறைகளுக்கும் இடையில் உள்ள ஓட்டை. மற்ற நேரத்தில் நாம் பயப்படும் அந்த ஓட்டைதான் இந்தக் குழந்தையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் வழியாக வருவது கலந்த ரத்தம் என்பதால் ஆக்ஸிஜன் அளவு பெரும்பாலும் 80களில் இருக்கும். அடைப்பில்லாத சில குழந்தைகளுக்கு 90ஐயும் தாண்டும். அந்த அளவில் குழந்தை பளிச்சென்று நீலமாகத் தெரியாது. மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளுக்கு உதட்டையோ நகத்தையோ பார்த்து நீலம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நாக்கையும் ஈறையும்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? கரு உருவாகும் தொடக்கத்தில் எல்லோருக்குமே நுரையீரலின் ரத்தம் உடம்பின் மற்றச் சிரைகளுக்குத்தான் வடிகிறது. பிறகு இடது மேலறையின் சுவரில் இருந்து ஒரு சிறு குழாய் முளைத்து, நுரையீரல் சிரைகளைப் போய்ப் பிடிக்கும். பிடித்ததும் பழைய வழிகள் சுருங்கி மறையும். அந்தக் குழாய் பிடிக்கத் தவறினால் பழைய வழிகளே நிலைத்துவிடுகின்றன. இதெல்லாம் முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். கர்ப்ப காலத்தில் அம்மா எதையோ சாப்பிட்டதால்தான் இப்படி என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

எந்தப் பழைய வழி நிலைத்தது என்பதைப் பொறுத்து நான்கு வகை. 1957இல் செய்யப்பட்ட இந்தப் பிரிவினையே இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1. இதயத்துக்கு மேலே: ரத்தம் ஒரு செங்குத்துச் சிரையில் கழுத்தை நோக்கி ஏறி, வளைந்து, மேற்பெருஞ்சிரை வழியாக இறங்குகிறது. இதுதான் அதிகம், ஏறத்தாழ பாதி.
2. இதய மட்டத்தில்: வலது மேலறைக்குள் நேராகவோ, இதயத்தின் சொந்தச் சிரையான கரோனரி சைனஸ் வழியாகவோ.
3. இதயத்துக்குக் கீழே: உதரவிதானத்தைத் துளைத்து வயிற்றுக்குள் இறங்கி, கல்லீரலின் சிரைகளில் சேர்கிறது. இதில் ஏறத்தாழ எப்போதுமே எங்காவது அடைப்பு இருக்கும்.
4. கலப்பு: ஒரு சிரை ஒரு பக்கம், மற்றவை வேறு பக்கம். எண்ணிக்கையில் மிகக் குறைவு, கண்டுபிடிக்க மிகக் கடினம்.

## எக்கோவுக்கு எது தெரியும், எது தெரியாது

எக்கோ என்பது அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். பிறந்த குழந்தையின் உடம்பில் வைத்துப் பார்க்கும் சின்னக் கருவியான புரோப் நொடிக்கு 80 லட்சம் முதல் 1.2 கோடி அதிர்வுகள் வரை அனுப்புகிறது. உடம்புத் திசுவில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் ஓர் அலையின் நீளம் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிரையைப் பார்க்க இந்த நுணுக்கம் போதும்.

1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலாக இதயத்தை ஒலியால் பதிவு செய்தார்கள். அதற்கு முன், உலோகத்தில் விரிசல் பார்க்க மால்மோ கப்பல் கட்டும் தளம் வைத்திருந்த கருவியை வாங்கி வந்துதான் சோதித்துப் பார்த்தார்கள். எதிரொலி எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து உள்ளே இருப்பதை அறியும் அந்தத் தத்துவம் இன்றைய எக்கோவிலும் அதேதான்.

இந்த ஒலிக்கு இரண்டு தடைகள்: எலும்பும் காற்றும். நுரையீரல் சிரைகள் இதயத்தின் பின்புறத்தில், காற்று நிறைந்த நுரையீரலை ஒட்டி இருக்கின்றன. எக்கோவுக்கு இதைவிடச் சங்கடமான இடம் இருக்க முடியாது. நல்ல வேளையாக, பிறந்த குழந்தைக்கு மார்பெலும்பின் பின்னால் தைமஸ் சுரப்பி பெரிதாக இருக்கும். அது ஒலிக்கு ஜன்னல் போல வழி விடுகிறது. வளர வளர அது சுருங்கும், ஜன்னலும் சிறுத்துவிடும்.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் பற்றி ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. திரையில் தெரியும் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைக்கிறார்கள். எக்கோவுக்கு ஆக்ஸிஜன் தெரியவே தெரியாது. புரோபை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, புரோபை விட்டு விலகும் ரத்தத்துக்கு நீலம். ஒலிக்குக் குறுக்காக ஓடும் ரத்தத்துக்குப் பெரும்பாலும் நிறமே வராது. இதை மனதில் வைத்தால்தான் அடுத்து வருவது புரியும்.

## திரையில் தேடும் வரிசை

குழந்தையின் தோளுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார்கள். தலை லேசாகப் பின்னால் சாய்ந்து, கழுத்து நிமிரும். வெதுவெதுப்பான ஜெல்லைத் தடவி, மார்பெலும்புக்கு மேலே உள்ள கழுத்துக் குழியில் புரோபை வைத்துக் கீழ்நோக்கிப் பார்ப்பார்கள். குழந்தைக்குப் பிடிக்காத இடம் இது. அழுதால் படம் ஆடும். எனவே பால் குடித்துத் தூங்கும் நேரத்துக்காகக் காத்திருப்பதும் உண்டு.

புரோபைச் சற்றே திருப்பினால், எல்லாம் சரியாக உள்ள குழந்தைக்கு, இடது மேலறை ஒரு உருண்டையாகவும் அதன் இரு பக்கமும் நான்கு சிரைகள் விரிந்தும் தெரியும். உருண்டை உடம்பு, விரிந்த கால்கள். உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் இதை நண்டுத் தோற்றம் என்றே சொல்கிறார்கள். நான்கு காலும் உடம்போடு ஒட்டியிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

டி.ஏ.பி.வி.சியைத் தேடும்போது யோசனை இப்படிப் போகும்:

1. வலது பக்கம் பெருத்து, இடது பக்கம் சிறுத்திருக்கிறதா? இரண்டு சுற்று ரத்தமும் வலது மேலறைக்கே வருவதால் வலது அறைகள் உப்பியிருக்கும். சிரைகள் வந்து சேராத இடது மேலறை சின்னதாக, சுவர் வழவழப்பாக இருக்கும்.

2. மேலறைகளுக்கு இடையே உள்ள ஓட்டையில் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது? சாதாரண ஓட்டையில் இடதில் இருந்து வலது பக்கம் போகும். இங்கே முழுக்க முழுக்க வலதில் இருந்து இடது பக்கம். இந்த ஒரு குறியைப் பார்த்ததுமே நுரையீரல் சிரைகளைத் தேடாமல் எக்கோவை முடிக்கக் கூடாது.

3. நண்டின் கால்கள் எங்கே? இடது மேலறைக்குப் பின்னால், அதோடு ஒட்டாமல், தனியாக ஒரு குழாயோ பையோ தெரிந்தால் அங்கேதான் சிரைகள் கூடுகின்றன. ஒவ்வொரு சிரையாக எண்ண வேண்டும். மூன்று தெரிந்தது, நான்காவதும் அங்கேதான் இருக்கும் என்று விட்டால் கலப்பு வகை கைநழுவிவிடும்.

4. கூடிய ரத்தம் எந்த வழியாக வெளியேறுகிறது? மேலே போகிறது என்றால், கழுத்துக் குழியில் இருந்து பார்க்கும்போது இடது பக்கத்தில் ஒரு சிரை சிவப்பாகத் தெரியும். மார்பின் மேல்பகுதியில் உள்ள பெரிய சிரைகள் கீழே இறங்க வேண்டும், அதாவது நீலமாக இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இடது பக்கத்திலும் ஒரு மேற்பெருஞ்சிரை இருக்கும். பெரிய கெடுதல் இல்லாதது. இருப்பிடம் ஏறத்தாழ அதே இடம்தான், ஓடும் திசை மட்டும் நேரெதிர். ஒரே இடம், ஒரே அகலம், சிவப்பா நீலமா என்ற வித்தியாசம்தான் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகுமா ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமா என்று சொல்கிறது.

5. மேலே இல்லையென்றால் கரோனரி சைனஸைப் பார்க்க வேண்டும். அங்கே சேர்ந்தால் அது வழக்கத்தைவிடப் பெருத்து, திமிங்கிலத்தின் வால் போலத் தெரியும். அங்கும் இல்லையென்றால் வயிறு. தொப்புளுக்கு மேலே, விலாக்கூட்டின் கீழே புரோபை வைத்தால் பெருந்தமனியும் கீழ்ப்பெருஞ்சிரையும் தெரியும். ஒன்று கீழே போகிறது, மற்றது மேலே வருகிறது. அவற்றோடு மூன்றாவதாக ஒரு குழாய் உதரவிதானத்தைக் கடந்து, தமனிக்குரிய துடிப்பு இல்லாமல், கீழ்நோக்கி ஓடினால் இதயத்துக்குக் கீழே சேரும் வகை என்று அர்த்தம்.

6. அடைப்பு இருக்கிறதா? சரியான நுரையீரல் சிரையில் ரத்தம் அலை அலையாக, இதயத் துடிப்போடு கூடியும் குறைந்தும் ஓடும். வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. வழியில் நெருக்கடி இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் போய், வேகமான ஒரே இரைச்சலாக ஓடும். நிறமும் கலங்கி, பல வண்ணத் துணுக்குகளாகத் தெரியும்.

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம் அதிகம். அடைப்பு இல்லாத குழந்தை சில வாரங்கள், மாதங்கள்கூடத் தாங்கலாம். பால் குடிக்கும்போது வேர்த்து, நிறுத்தி நிறுத்திக் குடித்து, எடை ஏறாமல் இருக்கும். அடைப்பு உள்ள குழந்தைக்கு ரத்தம் நுரையீரலிலேயே தேங்கி நீர் கோத்துக்கொள்ளும். பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிருக்கு ஆபத்து. எந்த மருந்தும் இதைக் குணப்படுத்தாது, உடனே ஆபரேஷன்தான்.

## எக்கோ எடுத்தும் தவறிப்போவது எப்படி

மிகவும் ஏமாற்றுவது அடைப்புள்ள வகையே. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் வெள்ளையாக, மங்கலாகத் தெரியும். இதயம் பெரிதாகியிருக்காது. நிமோனியாவும் அப்படித்தான் இருக்கும், குறைமாதக் குழந்தையின் முதிராத நுரையீரலும் அப்படித்தான் இருக்கும். சரி, எக்கோ எடுக்கலாம் என்றால், பிறந்த பிறகும் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் குறையாமல் நிற்கும் இன்னொரு நோயும் இதே படத்தைக் காட்டும்: பெருத்த வலது பக்கம், ஓட்டையில் வலதில் இருந்து இடதுக்கு ஓடும் ரத்தம். இரண்டையும் பிரிப்பது சிரைகள் மட்டும்தான். ஆனால் இரண்டிலுமே நுரையீரலில் ஓடும் ரத்தம் குறைவு, அதனால் சிரைகள் மங்கலாகத்தான் தெரியும். வென்டிலேட்டரில் நுரையீரல் உப்பியிருந்தால் காற்றுத் தடையும் சேர்ந்துகொள்ளும்.

மெதுவாக ஓடும் ரத்தம் தெரிய வேண்டுமானால் கலர் டாப்ளரின் வேக அளவைக் குறைத்து வைக்க வேண்டும். வழக்கமான அளவிலேயே விட்டால் ஓடுகிற ரத்தமும் திரையில் வராது. வேறொரு பொறியும் உண்டு. சிரைகள் கூடும் பை, இடது மேலறையின் பின்சுவரை ஒட்டி, ஒரு மெல்லிய சுவர் மட்டுமே நடுவில் இருக்கும்படி அமைந்திருக்கும். பையின் நிறம் சுவரைத் தாண்டி வழிந்து, ரத்தம் மேலறைக்குள் போவது போலவே தோன்றும். கலரை அணைத்துவிட்டுச் சுவரைத் தேடிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என் கருத்தில், தவறவிடுவதற்கு மிஷினைவிடக் கேட்கப்பட்ட கேள்விதான் பெரும்பாலும் காரணம். "ஓட்டை இருக்கிறதா பாருங்கள்" என்று அனுப்பினால் ஓட்டையைப் பார்த்து எழுதிவிட்டு முடித்துவிட வாய்ப்புண்டு. "நான்கு சிரைகளும் எங்கே சேர்கின்றன" என்று கேட்டு அனுப்பினால் தேடல் வேறு மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டில் நுரையீரல் சிரைகளுக்கு ஒரு தனி வரி இருக்க வேண்டும். "சரியாகத் தெரியவில்லை" என்று நேர்மையாக எழுதியிருந்தால் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளின் இதயத்தையே நாள் முழுக்கப் பார்ப்பவரிடம் மறுபடி எக்கோ எடுக்க வேண்டும் என்று பொருள். அங்கும் தெளிவாகாவிட்டால், கலப்பு வகை என்ற சந்தேகம் இருந்தால், ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி ஆஞ்சியோ எடுப்பார்கள். குழந்தையின் நிலை அனுமதித்தால் மட்டும்.

## வயிற்றில் இருக்கும்போதே ஏன் தெரியவில்லை?

கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. இதயம் தள்ளும் ரத்தத்தில் சிறு பங்குதான் நுரையீரலுக்குப் போய் வருகிறது. சிரைகளோ நூல் அளவு. இடது மேலறைக்கு வேண்டிய ரத்தம் மேலறைகளுக்கு இடையே உள்ள இயற்கையான திறப்பு வழியாக வந்துவிடுவதால் நான்கு அறைகளும் ஏறத்தாழ ஒழுங்காகவே தெரியும். பிறவி இதயக் கோளாறுகளிலேயே கருவில் கண்டுபிடிக்க மிகக் கடினமானவற்றில் இதுவும் ஒன்று. இடது மேலறைக்கும் முதுகுப் பக்கப் பெருந்தமனிக்கும் நடுவே வழக்கத்தைவிட அதிக இடைவெளி இருந்தால் அனுபவமுள்ளவர்கள் சந்தேகப்படுவார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்தவர் அலட்சியமாக இருந்தார் என்று இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

அதனால்தான் பிறந்த பிறகு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு. 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் மாட்டிப் பார்ப்பார்கள். 95க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்ப்பார்கள். 90க்குக் கீழே போனால் உடனே எக்கோ. இந்தச் சோதனை தேடும் முக்கியமான ஏழு கோளாறுகளில் டி.ஏ.பி.வி.சியும் ஒன்று. ஆனால் அடைப்பில்லாத குழந்தை 95ஐத் தொட்டுத் தப்பிவிடக்கூடும். சோதனையில் தேறினாலும், மூச்சும் பால் குடிப்பதும் சரியில்லையென்றால் விடாமல் கேளுங்கள்.

## இதயத்தின் சொந்தக் குழாய் இடம் மாறினால்

இதே தர்க்கம் இன்னொரு இணைப்புக் கோளாறுக்கும் பொருந்தும். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இரண்டும் பெருந்தமனியில் இருந்து கிளம்ப வேண்டும். சுமார் மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இடது கரோனரி, நுரையீரல் தமனியில் இருந்து கிளம்புகிறது. 1933இல் பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் இதை விவரித்தார்கள்.

பிறந்தவுடன் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் அழுத்தம் குறைந்ததும், இடது கரோனரியில் ரத்தம் தசைக்குப் போவதற்குப் பதிலாகப் பின்னோக்கி நுரையீரல் தமனிக்குள் வழிய ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கும்போது திடீரென வீறிட்டு அழுது, வெளுத்து, வேர்த்துப்போகும். எக்கோவில் இடது கீழறை வீங்கி, துடிப்பு பலவீனமாக இருக்கும். பார்ப்பதற்கு அப்படியே இதயத் தசை நோய்.

இங்கேயும் பிரித்துக் காட்டுவது திசைதான். இடது கரோனரியில் கலர் வைத்தால் ரத்தம் தலைகீழாக ஓடும், நுரையீரல் தமனிக்குள் எதிர்பாராத ஒரு பீய்ச்சல் தெரியும், வலது கரோனரி பருத்திருக்கும். மருந்தோடு காலம் தள்ளச் சொல்லப்படும் ஒரு நோய்க்கும், ஆபரேஷனில் தேறக்கூடிய ஒரு கோளாறுக்கும் நடுவே நிற்பது இந்த ஒரு தேடல். கைக்குழந்தையின் இதயத் தசை பலவீனம் என்று எழுதும் முன் இரண்டு கரோனரியும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்த்தே ஆக வேண்டும்.

## ஆபரேஷனுக்குப் பிறகும் எக்கோ

டி.ஏ.பி.வி.சி ஆபரேஷனில், பின்னால் கூடியிருக்கும் பையையும் இடது மேலறையையும் திறந்து, அகலமாக ஒன்றோடொன்று தைப்பார்கள். மேலறை ஓட்டையை மூடுவார்கள். செலவைப் பற்றிப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பிறவி இதயக் கோளாறுகளையும் கண்டறிய 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் அடங்கும். அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம்.

தைத்த இடமோ சிரைகளோ பிறகு சுருங்குவது உண்டு. நூறில் பத்து, பதினைந்து குழந்தைகளுக்கு இப்படி ஆகலாம், பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள். குழந்தை நன்றாக எடை ஏறி, சிரித்து விளையாடும்போது எக்கோவுக்கு எதற்கு அலைய வேண்டும் என்று தோன்றும். அந்த எக்கோவில் டாக்டர் தேடுவது அதே நண்டைத்தான், அதே நான்கு கால்களைத்தான். ரத்தம் அலை அலையாக ஓடுகிறதா, இரைச்சலாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கொடுத்த தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கலாம். இடையில் குழந்தைக்கு மறுபடி மூச்சு வேகமாக வாங்கினால், பால் பாதியில் நின்றால், சளி என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே கிளம்பிப் போய்விடுங்கள்.